ஃபிரேம்வொர்க் லேப்டாப்பில் லினக்ஸ்: பெட்டி வந்த நாள் முதல் போர்டு மாற்றும் நாள் வரை

இன்றைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை போர்டோடு சேர்த்து சால்டர் செய்துவிடுகிறார்கள், பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். 8 ஜிபி ரேம் போதவில்லை என்றால் மெஷினையே மாற்று என்பதுதான் பதில். இந்தப் போக்குக்கு எதிராக, 2020-ல் நிரவ் படேல் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம் ஃபிரேம்வொர்க். 2021-ல் அவர்களுடைய முதல் லேப்டாப் வெளிவந்தது. கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் தளம் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பழுது பார்க்கும் வசதிக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது. ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, கீபோர்டு, திரை, கீல், ஸ்பீக்கர், ஏன், மதர்போர்டு உட்பட எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே மாற்றலாம்.

இதை வாங்கி லினக்ஸ் போட்டுப் புழங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதற்கு முன் லினக்ஸ் தொட்டதில்லை, ஸ்க்ரூடிரைவரும் தொட்டதில்லை என்றாலும் பரவாயில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: எதுவும் கெட்டுப்போகாதபோதே இந்த மெஷினை ஒரு முறை திறந்து பார்த்துவிட வேண்டும். அதைச் செய்யாதவர்கள், ஏதாவது பழுதானதும் மற்ற லேப்டாப்பைப் போலவே இதையும் பையில் போட்டுக்கொண்டு சர்வீஸ் சென்டர் தேடுகிறார்கள். கூடுதல் விலை கொடுத்ததற்குப் பலனே இல்லாமல் போகிறது.

வாங்குவதற்கு முன்

ஃபிரேம்வொர்க் எல்லா நாடுகளுக்கும் அனுப்புவதில்லை. கனடா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருக்கிற தமிழர்கள் அவர்களுடைய தளத்திலேயே நேரடியாக வாங்கலாம். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் முதலில் தங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தெரிந்தவர் மூலம் வரவழைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் உங்கள் முகவரிக்கு வந்து சேராவிட்டால் இந்த லேப்டாப்பின் பெரிய பலமே போய்விடும்.

அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல மாற்று ஒன்று உண்டு: 2018-ல் வந்த திங்க்பேட் டி480. செகண்ட் ஹேண்டில் தாராளமாகப் புழங்குகிறது. உள்ளே ஒரு பேட்டரி, பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடிய இன்னொரு பேட்டரி, ரேமுக்கு இரண்டு ஸ்லாட். எப்படிப் பிரிப்பது என்கிற முழுக் கையேட்டையும் லெனோவோவே இலவசமாகக் கொடுக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கிறது. வாங்கும்போது டி480எஸ் என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் ரேமின் ஒரு பகுதி போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும். கீழே லினக்ஸ் பற்றிச் சொல்வதில் பாதிக்கு மேல் டி480-க்கும் பொருந்தும்.

சரி, ஃபிரேம்வொர்க்குக்கு வருவோம். அளவை வைத்து மூன்று லேப்டாப்புகள்: 12, 13, 16. புதியவர்களுக்கு 13 போதும். ரேம், எஸ்எஸ்டி எல்லாம் பொருத்தப்பட்டு விண்டோஸோடு தயாராக வருவது ஒரு வகை. நாமே பொருத்திக்கொள்ளும் டிஐஒய் எடிஷன் இன்னொரு வகை. லினக்ஸ் போடப் போகிறவர்கள் டிஐஒய் வாங்குவதுதான் நல்லது. விண்டோஸ் லைசென்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம், ரேமையும் எஸ்எஸ்டியையும் வெளிக்கடையில் விலை பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

ரேம் வாங்கும்போது போர்டைப் பார்த்து வாங்குங்கள். லேப்டாப் 13-ல், இன்டெல் 11, 12, 13-ஆம் தலைமுறை போர்டுகள் டிடிஆர்4 வகை ரேம் கேட்கும். ஏஎம்டியின் ரைசன் போர்டுகளும் இன்டெலின் கோர் அல்ட்ரா போர்டும் டிடிஆர்5 கேட்கும். இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. முடிந்தால் ஒரே அளவில் இரண்டு ஸ்டிக் போடுங்கள். கிராஃபிக்ஸ் சிப்பும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், ஒற்றை ஸ்டிக்கில் அதன் வேகம் நன்றாகவே குறையும். எஸ்எஸ்டி என்றால் எம்.2 2280 அளவில் என்விஎம்இ வகை.

அடுத்து, போர்ட்கள். 13-ல் நான்கு பள்ளங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் இருப்பது யூஎஸ்பி-சி. அதில் எக்ஸ்பான்ஷன் கார்டு என்கிற சின்னச் சதுரத் துண்டைச் செருகினால் யூஎஸ்பி-ஏ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், ஈதர்நெட், மைக்ரோ எஸ்டி என்று எது வேண்டுமோ அதுவாகிவிடும். அதிகம் வாங்கிக் குவிக்க வேண்டாம். இரண்டு யூஎஸ்பி-சி, ஒரு யூஎஸ்பி-ஏ, ஒரு எச்டிஎம்ஐ இருந்தால் பெரும்பாலானோருக்கு வேலை ஓடிவிடும். ஒரு நுணுக்கம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: ரைசன் 7040 போர்டில் நான்கு பள்ளங்களும் ஒரே மாதிரி இல்லை. பின்பக்கத்து இரண்டும் யூஎஸ்பி4. முன்பக்கத்து இரண்டும் வேகம் குறைந்தவை, அதில் ஒன்றில் மானிட்டர் வேலையே செய்யாது. ‘எச்டிஎம்ஐ கெட்டுப்போச்சு’ என்று பதறும் பலருக்கும் கார்டைப் பின்பக்கத்துக்கு மாற்றிச் செருகியதும் படம் வந்துவிடும்.

திறந்து பார்ப்பது

தயாராக வந்த மெஷின் என்றாலும் இதைச் செய்யுங்கள். பெட்டியோடு ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் வரும். அதன் முனையில் நட்சத்திர வடிவ டி5 பிட். தேவைப்பட்டால் உருவித் திருப்பிப் போட்டு சாதாரண பிலிப்ஸாகவும் பயன்படுத்தலாம். மறுமுனை நெம்புவதற்கு.

1. மெஷினை முழுதாக ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, மேசையில் மெல்லிய துணி விரித்துக் கவிழ்த்து வையுங்கள். அருகில் ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக்கைப் போக்கிக்கொள்ளுங்கள்.

2. அடியில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். சுற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிடி விட்டுச் சும்மா சுற்றும். அது கழன்று கையோடு வராது. மூடியிலேயே தங்கிவிடும்படி செய்திருக்கிறார்கள். எனவே கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடிய ஸ்க்ரூவைத் தேட வேண்டிய வேலை இல்லை.

3. நிமிர்த்தி, திரையைத் திறந்து, கீபோர்டு இருக்கும் மேல் தட்டை மெதுவாகத் தூக்குங்கள். சட்டென்று இழுக்கக் கூடாது. டச்பேடிலிருந்து போர்டுக்கு ஒரு ரிப்பன் கேபிள் போகும். அதன் முனையில் பிடித்து இழுக்கக் கறுப்பு நிறத்தில் ஒரு காது இருக்கும். அதைப் பிடித்து நேராக மேலே தூக்கினால் கழன்றுவிடும்.

4. இப்போது உள்ளே இருக்கும் எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தின் மேலும் பெயரும் ஒரு க்யூஆர் கோடும் அச்சிட்டிருக்கும். மொபைலில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாகத்துக்கான பக்கம் திறக்கும்.

5. ரேமை ஸ்லாட்டில் சாய்வாக நுழைத்து, கீழே அழுத்தினால் இரண்டு பக்கத்துக் கொக்கியும் ‘டக்’ என்று பிடிக்கும். எஸ்எஸ்டியும் அப்படித்தான், அதற்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. ரேமை அழுத்தும்போது, உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே நிறுத்திவிடுவதுதான் புதியவர்கள் வழக்கம். தங்க நிறப் பற்கள் ஏறக்குறைய முழுதும் மறையும் வரை உள்ளே போக வேண்டும்.

மூடும்போது கேபிளை முதலில் மாட்டுங்கள். மேல் தட்டை வைத்ததும் காந்தம் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்க்ரூக்களை முறுக்குங்கள், ஆனால் பலத்தைக் காட்ட வேண்டாம்.

முதல் முறை ஆன் செய்யும்போது டிடிஆர்5 ரேம் உள்ள மெஷின்களில் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். புது ரேமை போர்டு சோதித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. பொருத்தியது தவறோ என்று பவர் பட்டனை அமுக்கி ஆஃப் செய்யாதீர்கள். சார்ஜரை மாட்டிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

எந்த லினக்ஸ்?

ஃபிரேம்வொர்க் அதிகாரபூர்வமாகச் சோதித்து ஆதரவு தரும் லினக்ஸ்களில் முக்கியமானவை உபுண்டுவும் ஃபெடோராவும். லினக்ஸ் மின்ட், ஆர்ச், நிக்ஸ்ஓஎஸ் எல்லாம் ஓடும், நன்றாகவும் ஓடும். ஆனால் முதல் லினக்ஸ் என்றால் இந்த இரண்டில் ஒன்றைத் தாண்டிப் போக வேண்டாம். பிரச்சினை வரும்போது, ‘எனக்கும் இதே மெஷின், இதே லினக்ஸ்’ என்று சொல்ல நாலு பேர் இருப்பது பெரிய பலம்.

இரண்டில் எது என்றால், என் கருத்து இது: போர்டு வெளிவந்து ஓராண்டுக்குள் என்றால் ஃபெடோரா. ஏனென்றால் புது ஹார்டுவேருக்கான டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ஃபெடோரா புது கெர்னலைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடும். பழகிய போர்டு, அடிக்கடி மாற்றம் வேண்டாம் என்றால் உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ். இரண்டாண்டுக்கு ஒரு முறை வரும், ஐந்தாண்டு அப்டேட் உண்டு.

இன்னொரு கணினியில் ஐஎஸ்ஓ கோப்பை (அந்த லினக்ஸ் முழுதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ஃபெடோரா மீடியா ரைட்டர் போன்ற ஒரு செயலியால் பென் டிரைவில் எழுதுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் போதும், அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து பூட் செய்வது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

உடனே இன்ஸ்டால் பட்டனை அமுக்கிவிடாமல், பென் டிரைவிலிருந்தே கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, வெளிமானிட்டர் தெரிகிறதா? கேமரா கறுப்பாக இருந்தால் டிரைவரைச் சந்தேகிக்கும் முன் திரையின் மேல் விளிம்பைப் பாருங்கள். அங்கே கேமராவுக்கு ஒன்றும் மைக்குக்கு ஒன்றுமாக இரண்டு சின்ன ஸ்விட்ச்கள் உண்டு. அவை மின்சாரத்தையே துண்டிப்பவை. ஆஃபில் இருந்தால் எந்தச் செயலியும் எதுவும் செய்ய முடியாது.

இன்ஸ்டால் செய்யும்போது ‘டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யவா’ என்ற கேள்விக்குச் சரி சொல்லுங்கள். எளிதாகத் திறக்க முடிகிற லேப்டாப்பில் எஸ்எஸ்டியை உருவிக்கொண்டு போவதும் எளிது. அந்தக் கடவுச்சொற்றொடரைக் காகிதத்தில் எழுதி, லேப்டாப் பையில் இல்லாமல் வேறெங்காவது பத்திரமாக வையுங்கள். அது தொலைந்தால் கோப்புகளும் தொலைந்தன.

முதல் வாரத்து வேலைகள்

முதலில் ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது ஹார்டுவேரின் உள்ளேயே இருக்கும் மென்பொருளுக்கான அப்டேட். பல கம்பெனிகள் இதற்கு விண்டோஸ் கேட்கும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. ரெட் ஹாட்டில் பணியாற்றும் ரிச்சர்ட் ஹியூஸ் உருவாக்கிய எல்விஎஃப்எஸ் என்கிற பொதுச் சேவை வழியாக, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் ஃபர்ம்வேர்) அப்டேட்டும் மற்ற அப்டேட்களோடு சேர்ந்து லினக்ஸிலேயே வந்துவிடும். சாஃப்ட்வேர் செயலியின் அப்டேட் பக்கத்தில் பாருங்கள். சார்ஜரை மாட்டியே செய்யுங்கள். நடுவில் திரை அணைந்து கிடந்தாலும், அதுவாகத் திரும்பி வரும் வரை கை வைக்காதீர்கள்.

அடுத்து பேட்டரி. மேசையிலேயே சார்ஜரோடு இருக்கும் லேப்டாப் என்றால், ஆன் செய்யும்போது எஃப்2-ஐத் தட்டி பயாஸுக்குள் போய், சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். லித்தியம் பேட்டரி எப்போதும் நிரம்பியே இருந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். பயணத்துக்கு முதல் நாள் மட்டும் 100 ஆக்கிக்கொண்டால் போதும்.

பவர் சேமிப்புக்கு என்று இணையத்தில் ஆயிரம் குறிப்புகள் கிடைக்கும். உபுண்டுவும் ஃபெடோராவும் தங்களோடு கொண்டுவரும் பவர் மோடுகளே போதுமானவை. மேல் மூலையில் தட்டினால் மாற்றிக்கொள்ளலாம். அதன் மேல் டிஎல்பி போன்ற இன்னொரு கருவியையும் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரை விஷயம். 13-இன் பழைய திரை 2256-க்கு 1504 பிக்சல். 100 சதவீதத்தில் எழுத்து கண்ணை வருத்தும், 200-ல் இடம் போதாது. 125 அல்லது 150 வைக்க வேண்டும், அப்போது சில பழைய செயலிகளின் எழுத்து லேசாக மங்கலாகும். 2880-க்கு 1920 பிக்சல் உள்ள புதிய திரையில் 200 சதவீதமே கச்சிதமாக அமைந்துவிடுவதால் இந்தத் தலைவலி இல்லை. வாங்கும்போது இரண்டுக்கும் விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் புதியதையே எடுங்கள்.

கைரேகையைச் செட்டிங்ஸில் பயனர் பக்கத்திலேயே பதியலாம். பின்னால் லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி போடும் எண்ணம் வந்தால், அதற்கு முன் பதிந்த ரேகைகளை அழித்துவிடுங்கள். அவை எஸ்எஸ்டியில் இல்லை, சென்சாரின் உள்ளேயே இருக்கின்றன. பழையது உள்ளே இருந்தால் புதிதாகப் பதிய மறுக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் எம்17என் என்கிற தொகுப்பு வேண்டும். இல்லையென்றால் நிறுவிவிட்டு, ஒரு முறை லாக் அவுட் செய்து வாருங்கள். பிறகு கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ் என்று தேடினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, இலங்கையில் பழகிய ரங்கநாதன் அமைப்பு எல்லாம் வரிசையாக வரும். சூப்பர் கீயோடு (விண்டோஸ் கீ என்பார்களே, அது) ஸ்பேஸைத் தட்டினால் மொழி மாறும்.

தூங்க வைத்தால் சார்ஜ் இறங்குகிறதே?

புதியவர்கள் அதிகம் வருத்தப்படும் இடம் இது. மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் பேட்டரி கணிசமாகக் குறைந்திருக்கும். இதற்கு முக்கியக் காரணம், இப்போதைய ப்ராசஸர்களின் தூக்கம் பழைய காலத்து ஆழ்ந்த தூக்கம் இல்லை, அரைத் தூக்கம்தான். கூடவே, செருகியிருக்கும் கார்டுகளும் கொஞ்சம் உறிஞ்சும். முதல் சில இன்டெல் தலைமுறைகளில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் கார்டுகள் இதில் பேர்போனவை. கார்டுக்கே தனி ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டார்கள். வெளியே கிளம்பும்போது எச்டிஎம்ஐ கார்டை உருவிப் பையில் போட்டுக்கொள்வது எளிய வழி.

ஹைபர்னேட் செய்தால், அதாவது ரேமில் இருப்பதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு முழுதாக அணைத்தால், சார்ஜ் இறங்காது, உண்மைதான். ஆனால் செக்யூர் பூட் என்கிற பயாஸ் பாதுகாப்பு ஆனில் இருக்கும்போது கெர்னல் அதை அனுமதிப்பதில்லை, எஸ்எஸ்டியில் ஸ்வாப் என்கிற இடமும் தனியாக ஒதுக்க வேண்டும். ஆரம்பத்திலேயே அந்த வேலையில் இறங்க வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் போகிறீர்களா, மூடி வையுங்கள். இரவு முழுக்கத் தொடப் போவதில்லையா, ஆஃப் செய்துவிடுங்கள்.

பழுது வந்தால்

காற்றாடி இரைச்சல் போடுகிறது, மெஷின் சுடுகிறது என்றால் பெரும்பாலும் தூசுதான். திறந்து, காற்றாடியை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு பிரஷால் தட்டிவிடுங்கள். திரையை மாற்ற வேண்டும் என்றால், அதைச் சுற்றியிருக்கும் சட்டம் காந்தத்தில்தான் நிற்கிறது. நகத்தால் நெம்பினால் வந்துவிடும். கீபோர்டு கெட்டால் மேல் தட்டோடு சேர்த்து வாங்குங்கள், ஐந்து நிமிட வேலை. கீபோர்டு மட்டும் தனியாக விலை குறைவு, ஆனால் பொடிப் பொடி ஸ்க்ரூக்களை டஜன் கணக்கில் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

கொஞ்சம் பொறுமை வேண்டியது வைஃபை கார்டுக்கு. அதன் மேல் கடுகு அளவில் இரண்டு உலோக வட்டங்கள் இருக்கும். ஆன்டெனா வயர்கள் இரண்டும் அதில் அமர வேண்டும். பக்கவாட்டில் தள்ளக் கூடாது. வட்டத்துக்கு நேர் மேலே வைத்து, விரல் நுனியால் செங்குத்தாக அமுக்க வேண்டும். சரியாக அமர்ந்தால் விரலில் ஒரு சொடுக்கு தெரியும். தெரியவில்லை என்றால் வளையம் நசுங்கும் வரை அழுத்தாமல், எடுத்து மறுபடி வையுங்கள். கார்டு வாங்கும்போது இன்டெல் ஏஎக்ஸ்210 என்று கேட்டு வாங்குங்கள். ஒற்றை இலக்கம்தான் வித்தியாசம் என்று ஏஎக்ஸ்211 வாங்கினால் ரைசன் போர்டில் அது வேலை செய்யாது.

போர்டையே மாற்றும்போது

சில ஆண்டுகள் கழித்து வேகம் போதவில்லை என்று தோன்றினால், புதிய போர்டை மட்டும் வாங்கி 2021 மாடலிலும் பொருத்தலாம். திரை, பேட்டரி, மேல் தட்டு எல்லாம் அப்படியே இருக்கும். டிடிஆர்4 போர்டிலிருந்து ரைசனுக்குப் போகிறவர்கள் புது ரேமுக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

முந்தின நாளே முழு பேக்கப் எடுத்து வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்துவிடுங்கள். உபுண்டுவில் டிஸ்க்கைத் திறக்கும் சாவியை, போர்டில் இருக்கும் டிபிஎம் என்கிற பாதுகாப்புச் சிப்பிடம் ஒப்படைக்கும் வசதியைத் தேர்ந்திருந்தால், மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்தச் சிப் பழைய போர்டோடு போய்விடும். கடவுச்சொற்றொடர் தட்டித் திறக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அப்புறம் மெஷினை ஆஃப் செய்து, முதல் வேலையாக பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். மற்ற கேபிள்களைத் தொடும் முன் போர்டை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், எந்த வயர் எங்கே போனது என்று பின்னால் யோசிக்க வேண்டியதில்லை. புது போர்டில் கூலர் ஏற்கெனவே பொருத்தியே வரும். எஸ்எஸ்டியையும் வைஃபை கார்டையும் பழையதிலிருந்து எடுத்து மாட்டுங்கள். பேட்டரி கேபிள் கடைசியில்.

லினக்ஸின் அருமை இந்த இடத்தில்தான் தெரியும். டிரைவர்கள் எல்லாம் கெர்னலிலேயே இருப்பதால், இன்டெல் போர்டில் போட்ட அதே எஸ்எஸ்டி ரைசன் போர்டிலும் அப்படியே பூட் ஆகும். மறுபடி இன்ஸ்டால் இல்லை, லைசென்ஸ் கேள்வி இல்லை. லினக்ஸை மட்டும் கிளம்பும் முன் அப்டேட் செய்து வைத்திருங்கள். கெர்னல் ரொம்பப் பழையது என்றால் புது போர்டின் கிராஃபிக்ஸை அது அறிந்திருக்காது. எஸ்எஸ்டி தானாகப் பூட் ஆகவில்லை என்றால் எஃப்12-ல் ஒரு முறை கையால் தேர்ந்தெடுங்கள்.

கழற்றிய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். ரேமும் எஸ்எஸ்டியும் போட்டு, யூஎஸ்பி-சி சார்ஜர் மாட்டினால் பேட்டரியும் திரையும் இல்லாமலே அது தனிக் கணினியாக ஓடும். அதற்கென்றே கூலர் மாஸ்டர் ஒரு பெட்டி விற்கிறது. போர்டின் அளவுகளையும் ஃபிரேம்வொர்க் திறந்த கோப்புகளாக வெளியிட்டிருப்பதால் 3டி பிரிண்டரில் நாமே ஒன்று அடித்துக்கொள்ளவும் முடியும். டிவிக்குப் பின்னால் வைத்துப் படம் பார்க்கலாம், வீட்டுப் படங்களுக்கான பேக்கப் சர்வராக்கலாம், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு பழைய மானிட்டரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.